டீச்சரைக் கேளுங்கள்: நம் கடல் சுகமாக இருக்கிறதா?

போன இதழில் கல்கிசைக் கரையின் மணல் அரிப்பைப் பற்றி இரண்டு பத்தி எழுதினாலும் எழுதினேன், கடிதங்கள் வந்து குவிந்துவிட்டன. எனவே வீட்டுப் பல்லி, கறையான், கிளிக்குஞ்சு பற்றிக் கேட்டவர்கள் ஒரு மாதம் பொறுத்துக்கொள்ள வேண்டும். இந்த முறை முழுக்கக் கடல்தான்.

தினமும் காலையில் ரயில் பாதையைத் தாண்டிக் கரையோரம் நடப்பேன். சில நாள் தண்ணீர் நல்ல நீலமாக இருக்கிறது, சில நாள் பிளேன்டீ நிறத்தில் வருகிறது. நீலமாக இருக்கும் நாளில் கடல் ஆரோக்கியமாக இருக்கிறது என்று எடுத்துக்கொள்ளலாமா டீச்சர்?
– க. ச., வெள்ளவத்தை

எடுத்துக்கொள்ள வேண்டாம் ஐயா. நிறம் பெரும்பாலும் பருவத்தைத்தான் சொல்லும். மே முதல் செப்டெம்பர் வரை தென்மேல் பருவக்காற்று அடிக்கும்போது அலை அடிமணலைக் கிளறிவிடும். மலைநாட்டு மழையெல்லாம் களனி கங்கை வழியாக வந்து மட்டக்குளிப் பக்கம் கடலில் விழும். அந்தக் கலங்கலைப் பார்த்து யாரும் பதற வேண்டியதில்லை. ஆற்றோடு வரும் சத்தும் காற்று கிளறிவிடும் சத்தும் இல்லாவிட்டால் நமக்குச் சாளையும் நெத்தலியும் இவ்வளவு கிடைக்காது. டிசெம்பர் பிறந்தால் கடல் தணிந்து தானாகத் தெளியும்.

நீங்கள் கவலைப்பட வேண்டியது கண்ணுக்குத் தெரியாததைப் பற்றி. கொழும்பின் கழிவுநீர்க் குழாய்கள் ஆங்கிலேயர் காலத்தில், 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் போடப்பட்டவை. அவை கடலில் முடியும் இடங்கள் இரண்டு: வடக்கே முகத்துவாரம், தெற்கே உங்கள் வெள்ளவத்தை. குழாய் ஒரு கிலோமீற்றருக்கு மேல் கடலுக்குள் போய்த்தான் திறக்கிறது. ஆனால் பல பத்தாண்டுகளாக அதில் போனது பெரும்பாலும் சுத்திகரிக்காத கழிவுநீர். உப்பும் வெயிலும் அலையும் சேர்ந்து அதை நீர்க்கச் செய்யும் என்பது அன்றைய பொறியியலாளர்களின் கணக்கு. ஓரளவுக்கு அது நடக்கவும் செய்கிறது. கரையில் குளிப்பவருக்கு அதைவிடக் கிட்டிய தொந்தரவு வாய்க்கால்கள்தான். வெள்ளவத்தை வாய்க்காலும் தெஹிவளை வாய்க்காலும் கரையிலேயே வாய் திறக்கின்றன. பெரிய மழை பெய்தால் ஊர்க் கான்களில் தேங்கியதெல்லாம் ஒரே மூச்சில் வெளியே வரும்.

இதை அளப்பதற்கு என்டரோகொக்கஸ் என்ற குடல் பக்டீரியாவைத் தேடுவார்கள். உப்புத் தண்ணீரில் மற்றக் குடல் பக்டீரியாக்களைவிடக் கூடுதல் நேரம் தாக்குப்பிடிக்கும் என்பதால் கடலுக்கு அதுதான் பொருத்தம். உலக சுகாதார நிறுவனம் 2003இல் தந்த வழிகாட்டலின்படி 100 மில்லிலீற்றரில் 40ஐத் தாண்டாவிட்டால் நல்ல கரை, 500ஐத் தாண்டினால் மோசமான கரை. மோசமான கரை என்றால் பத்துத் தடவை குளித்தால் அதில் ஒன்றுக்கு மேற்பட்ட தடவை வயிற்றுக்கோளாறு வரலாம் என்று பொருள். ஆனால் இது ஒரு போத்தல் தண்ணீரை வைத்துச் சொல்லும் எண் அல்ல. பல மாதிரிகள் எடுத்து, அவற்றில் நூற்றுக்கு 95 எந்த எண்ணுக்குள் அடங்குகின்றன என்று பார்க்க வேண்டும். ‘நாங்கள் ஒரு நாள் சோதித்தோம், சுத்தம்’ என்று யாராவது சொன்னால் மரியாதையாகத் தலையாட்டிவிட்டு நடையைத் தொடருங்கள். நடப்பதற்கு எந்த நாளும் நல்ல நாள்தான். குளிப்பதென்றால் பெருமழை விட்டு இரண்டு மூன்று நாள் பொறுங்கள், வாய்க்கால் வாயிலிருந்து நன்றாகத் தள்ளிப் போங்கள்.

நான் உயர்தரத்தில் உயிரியல் படிக்கிறேன். ‘கரையோரச் சூழலின் ஆரோக்கியத்தை மதிப்பிடுதல்’ என்று செயற்றிட்டம் தந்திருக்கிறார்கள். எங்களிடம் கருவி எதுவும் இல்லை. மூன்று பேர், ஒரு சைக்கிள். என்ன செய்யலாம்?
– மாணவர், கொட்டாஞ்சேனை

சைக்கிளே போதும் தம்பி. காக்கைத்தீவுக் கடற்கரை உனக்குக் கிட்டத்தான், களனி கங்கையின் வாயும் அங்கேதான். நாடு முழுவதற்கும் கடலை ஆராயும் நாரா நிறுவனம் பக்கத்திலேயே இருக்கிறது. கேட்கத் தயங்காதே, பள்ளிக்கூடச் சீருடையில் வருபவர்களை விரட்டுகிற விஞ்ஞானியை நான் கண்டதில்லை.

முதலில் நண்டு. மணலில் சிட்டாகப் பறந்து ஓடி வளைக்குள் மறையும் வெளிறிய நண்டைப் பார்த்திருப்பாய். அதன் வளைகளை எண்ணுவது உலகம் முழுவதும் ஆராய்ச்சியாளர்கள் நிஜமாகவே செய்கிற வேலை. ஆட்கள் மிதிக்கும், வாகனம் ஏறும், இயந்திரத்தால் வாரும் கரையில் வளை குறையும். கயிற்றால் ஒரு மீற்றர் சதுரம் கட்டிக்கொள். உயர் அலைக்கோட்டிலிருந்து மேல்நோக்கி வரிசையாக வைத்துக்கொண்டு போ. காலையில், ஆட்கள் வருமுன் எண்ணு. வாயில் புது மணலோ கால்தடமோ உள்ள வளையை மட்டும் கணக்கில் சேர், இடிந்ததை விடு. கூட்டம் கூடும் பகுதியில் ஒன்று, ஒதுக்குப்புறத்தில் ஒன்று என்று எடுத்தால் ஒப்பிட ஏதாவது கிடைக்கும்.

இரண்டாவது பிளாஸ்டிக். அலை கடைசியாகக் குப்பையை விட்டுப்போன கோட்டில் அரை மீற்றர் சதுரம் போட்டு, மேலே உள்ள இரண்டு விரல்கடை மணலைச் சுரண்டி வாளித் தண்ணீரில் போடு. தண்ணீரில் இரண்டு பிடி உப்பு கரைத்தால் நல்லது. கலக்கி விட்டால் மணல் அடியில் போகும், மிதப்பதைத் தேநீர் வடியால் வாரி எண்ணலாம். தண்ணீர்ப் போத்தல் செய்கிற பிளாஸ்டிக் மிதக்காது, அது மணலோடு தங்கிவிடும். அறிக்கையில் இதை எழுதிவிடு. குறைபாட்டைத் தானே எழுதுகிற மாணவருக்கு நான் எப்போதும் இரண்டு புள்ளி கூடப் போடுவேன்.

மூன்றாவது, பாறை. ரயில் பாதையைக் காக்கப் போட்ட கருங்கற்களிலும் உயிர் உண்டு: கொட்டலசு, சிறு நத்தைகள், நண்டு, பாசி. கீரை மாதிரி மெல்லிய பச்சைப் பாசி ஒன்று மட்டும் கல்லை முழுக்க மூடியிருந்தால் அங்கே கழிவுச் சத்து கூடுதலாக வருகிறது என்று சந்தேகப்படலாம். பல இனங்கள் பங்கு போட்டு இருந்தால் நல்லது. கல்லில் ஏறும்போது அலையைப் பார்த்துக்கொள், ஓர் ஆள் எப்போதும் கரையில் நிற்கட்டும். பருவக்காற்று மாதங்களில் கல் பக்கமே போகாதே.

எதைச் செய்தாலும் அதே இடம், அதே முறை, அதே அலைநேரம். ஒரு நாள் பத்து இடத்தில் அளப்பதைவிட ஒரே இடத்தை மாதம் தவறாமல் அளப்பது மேல். உன் செயற்றிட்டம் முடிந்ததும் நோட்டைத் தூக்கி எறியாமல் அடுத்த வகுப்புக்குக் கொடு.

பிள்ளைகளோடு ஹிக்கடுவை போய்க் கண்ணாடிப் படகில் ஏறினோம். எனக்குத் தெரிந்து அடியில் முருகைக்கல் (பவளப்பாறை) எல்லாம் செத்துக் கிடக்கிறது. படகுக்காரர் ‘இல்லை அக்கா, நல்லா வருது’ என்கிறார். யார் சொல்வது சரி?
– ந. ரா., தெஹிவளை

இரண்டு பேரும் பார்த்தது உண்மையாக இருக்கலாம் தங்கச்சி. ஹிக்கடுவை 1979இல் சரணாலயமானது, 2002இல் தேசிய பூங்காவானது. அதற்கு நடுவே 1998 வந்தது. அந்த ஆண்டு ஏப்ரல், மே மாதங்களில் கடல் சூடேறி, தெற்கிலும் மேற்கிலும் ஆழமில்லாத இடத்து முருகைகள் வெளுத்துப் பெருமளவில் செத்தன. கற்பிட்டிப் பக்கத்து ‘பார் ரீஃப்’ என்ற பவளப்பாறையும் தப்பவில்லை. திருகோணமலைப் பக்கம், நிலாவெளிக்கு எதிரேயுள்ள புறாத்தீவு அந்த முறை தப்பியது. 2016இல் மறுபடி ஒரு வெளுப்பு. 2024 ஏப்ரலில், உலக அளவிலான நான்காவது வெளுப்பு நடந்துகொண்டிருப்பதாக அறிவித்தார்கள்.

வெளுத்த முருகை செத்த முருகை அல்ல. அதன் தசைக்குள் வாழ்ந்து அதற்கு உணவு தயாரித்துத் தரும் நுண்பாசி வெளியேறிவிட்டது, அவ்வளவுதான். வழக்கமான கோடை உச்சத்தைவிட ஒரு பாகை கூடிய வெப்பம் நாலு வாரம் நீடித்தால் வெளுக்கத் தொடங்கும். எட்டு வாரத்துக்குச் சமமான சூடு சேர்ந்தால் சாவு தொடங்கும். இடையில் கடல் குளிர்ந்துவிட்டால் பாசி திரும்பி வரும், முருகை பிழைக்கும். செத்தால் சில வாரத்தில் பழுப்புப் பாசி மூடிவிடும். நீங்கள் படகிலிருந்து பார்த்தது பெரும்பாலும் அந்தப் பழைய எலும்புக்கூடுகளை. ஹிக்கடுவையில் பல இடத்தை ஒரு சுண்ணாம்பேறிய பச்சைப் பாசி பிடித்துக்கொண்டது பற்றியும் ஆய்வாளர்கள் எழுதியிருக்கிறார்கள்.

படகுக்காரர் சொல்வதைச் சோதிக்க வழி இருக்கிறது. சுழியோடிகள் 20 மீற்றர் நாடாவை அடியில் விரித்து, ஒவ்வொரு அரை மீற்றரிலும் கீழே இருப்பது உயிருள்ள முருகையா, பாசியா, மணலா, உடைந்த கல்லா என்று குறிப்பார்கள். அதைவிட எனக்குப் பிடித்த அளவு ஒன்று உண்டு: ஐந்து சென்ரிமீற்றருக்குக் குறைந்த குட்டி முருகைகள் எத்தனை? பெரிய முருகை ஐம்பது வயதான ஒன்றாக இருக்கலாம், அது நேற்றைய கடலின் கதை. குட்டிகள் இருந்தால் இந்தக் கடலிலும் புதிதாக ஒட்டி வளர முடிகிறது என்று தெரியும். பாசியை மேய்கிற ஓராவும் கிளிமீனும் திரிகின்றனவா என்றும் பார்க்க வேண்டும். அவற்றைப் பிடித்துத் தீர்த்த இடத்தில் குட்டி முருகைக்கு ஒட்ட இடமே கிடைக்காது.

அப்புறம், அடுத்த முறை படகு முருகையில் உரசினால் சத்தம் போடுங்கள். பணம் கொடுத்தது நீங்கள்.

எக்ஸ்பிரஸ் பேர்ள் கப்பலை எல்லோரும் மறந்துவிட்டார்கள். கரையில் இப்போது ஒன்றும் தெரிவதில்லை. அந்தப் பாதிப்பு முடிந்துவிட்டதா? மீனைச் சாப்பிடலாமா?
– அ. ஜோ., வத்தளை

உங்கள் பக்கத்துக் கரைதான் அதிகம் பட்டது, அதனால் விரிவாகச் சொல்கிறேன். 2021 மே 20ஆம் திகதி கொழும்புத் துறைமுகத்துக்கு வெளியே நங்கூரமிட்டிருந்தபோது கப்பலில் தீப்பிடித்தது. 1,486 கொள்கலன்கள், அவற்றில் 25 தொன் நைத்திரிக்கமிலம், கிட்டத்தட்ட 1,680 தொன் பிளாஸ்டிக் மணிகள் (பிளாஸ்டிக் பொருள் செய்ய மூலப்பொருளான சிறு குருணைகள்). ஜூன் 2ஆம் திகதி ஆழ்கடலுக்கு இழுத்துப் போகும்போது பின்பக்கம் தரைதட்டி அமிழ்ந்தது. கடலில் கொட்டிய பிளாஸ்டிக் மணிகளில் இதுவரை பதிவானதிலேயே பெரியது இதுதான். ஆமைகளும் டொல்பின்களும் செத்து ஒதுங்கின. 2025 ஜூலையில் உயர் நீதிமன்றம் 100 கோடி அமெரிக்க டொலர் இழப்பீடு செலுத்தும்படி தீர்ப்பளித்தது.

முடிந்துவிட்டதா என்றால், இல்லை. மணிகள் கரைவதில்லை, மணலுக்குள் புதைகின்றன. பருவக்காற்று கரையை அரிக்கும்போது பழைய அடுக்கு மேலே வரும். மேலாக வாரியதால் கரை சுத்தமாகத் தெரிகிறது. ஒரு சாண் தோண்டிப் பார்த்தால்தான் சங்கதி தெரியும். தீயில் கருகி உருகிக் கட்டியான துண்டுகள் வேறு. அவற்றில் எரிந்த இரசாயனங்களும் ஒட்டியிருப்பதால் வெள்ளை மணியைவிட அவற்றைப் பற்றித்தான் எனக்குக் கூடுதல் யோசனை.

இதில் எனக்குத் தீராத ஒரு கோபம் உண்டு. பருவக்காற்றுக் காலத்தில் சாதாரண ஆண்டிலும் சில ஆமைகள் செத்து ஒதுங்கத்தான் செய்யும். அப்படியானால் 2021இல் ஒதுங்கியவற்றில் எத்தனை கப்பலால்? 2020இலும் 2019இலும் ஒவ்வொரு கரையிலும் மாதாமாதம் எண்ணி எழுதிய நோட்டு இருந்திருந்தால் கழித்துப் பார்த்து ஐந்து நிமிடத்தில் சொல்லலாம். மணலில் முன்பே எவ்வளவு பிளாஸ்டிக் இருந்தது, மீன் வயிற்றில் என்ன இருந்தது என்பவற்றுக்கும் அதே கதைதான். விபத்து நடந்த பிறகு கோடிக்கணக்கில் செலவழித்து நிபுணர்களை அழைக்கிறோம். விபத்துக்கு முன் ஒரு பெடியனை நோட்டோடு கரைக்கு அனுப்ப மாதம் சில ஆயிரம் ரூபா கிடைப்பதில்லை. இழப்பீட்டுப் பணத்தில் கொஞ்சமாவது இப்படி வருடக்கணக்கில் அளப்பதற்குப் போக வேண்டும் என்பது என் கட்சி.

மீன்: சாப்பிடலாம். மணிகள் மீனின் குடலில் தங்குமே தவிரத் தசையில் அல்ல. குடலை எடுத்துக் கழுவிச் சமைக்கிற நமக்கு அதில் பெரும்பகுதி போய்விடும். முழுசாகப் பொரிக்கும் நெத்தலியில் குடலும் சேர்ந்து உள்ளே போகும் என்பது உண்மை. ஆனால் அதற்கு இந்த ஒரு கப்பலை மட்டும் குற்றம் சொல்ல முடியாது, நம் களனி கங்கை தினமும் கொண்டுவருகிறதே.

கொழும்புக் கடலுக்கு 100க்கு எத்தனை மார்க் போடுவீர்கள்?
– பெயர் எழுதவில்லை, பம்பலப்பிட்டி

போட மாட்டேன். இப்படி மார்க் போடும் முறை இருக்கத்தான் செய்கிறது. 2012இல் வந்த கடல் ஆரோக்கியச் சுட்டெண் உணவு, கரைப் பாதுகாப்பு, சுத்தமான நீர், உயிர்ப்பல்வகைமை, வாழ்வாதாரம், சுற்றுலா முதலான பத்து விடயங்களைக் கூட்டிச் சராசரி எடுக்கிறது. அந்த ஆண்டு முழு உலகத்துக்கும் 60 கொடுத்தார்கள். கணக்கில் 20, சங்கீதத்தில் 95 எடுத்த பிள்ளையின் சராசரியைப் பார்த்துவிட்டு ‘பரவாயில்லை’ என்று கையெழுத்திடும் அப்பாக்கள் உண்டு. நான் எந்தப் பாடத்தில் எத்தனை என்று கேட்கிற ஆள்.

பேலியகொடை மீன்சந்தையில் கலவாயும் விளையும் வரவர சின்னதாகத்தான் வருகின்றன. விலை மட்டும் பெரிசு. கடலில் மீன் தீர்ந்துவிட்டதா?
– மு. இ., மருதானை

விலையை விடுங்கள், அது எண்ணெயும் டொலரும் போடும் கணக்கு. வந்திறங்கும் மொத்த மீனும் ஏமாற்றும். 2022இல் எரிபொருள் இல்லாமல் படகுகள் கரையில் கிடந்தன. அந்த ஓகஸ்டில் மண்ணெண்ணெய் லீற்றர் 87 ரூபாவிலிருந்து 340 ரூபாவுக்கு ஒரே நாளில் ஏறியது. மீன் வரத்து குறைந்தது. கடலில் மீன் குறைந்ததாலா? இல்லையே, பிடிக்கப் போக முடியவில்லை. அதனால்தான் ஒரு படகு ஒரு நாளில் எவ்வளவு பிடிக்கிறது என்று பார்ப்பார்கள். முன்பு அரை மணித்தியாலம் ஓடிப் பிடித்ததை இப்போது மூன்று மணித்தியாலம் ஓடிப் பிடித்தால், சந்தையில் அளவு அதேதான், கடலில் அதே அல்ல.

நீங்கள் சொன்ன அளவு நல்ல அடையாளம். கலவாய் மெதுவாக வளர்ந்து தாமதமாக முட்டையிடும் மீன். ஒரு தடவையாவது முட்டையிடும் பருவத்தை எட்டாத மீன்களே தட்டில் நிறைந்திருந்தால் அந்த இனம் கடனில் ஓடுகிறது என்றுதான் பொருள். சாளைக்கு அதே அளவுகோல் பொருந்தாது; அது சீக்கிரம் வளரும், ஆண்டுக்கு ஆண்டு கூடிக் குறையும். பிரிட்யோஃப் நான்சன் என்ற ஆய்வுக் கப்பல் 1978 முதல் 1980 வரை நம் கடலில் மீனைக் கணக்கெடுத்தது. அதே பெயரில் புதிய கப்பல் 2018இல் திரும்பி வந்தது. இடையில் கிட்டத்தட்ட 40 ஆண்டு. நீங்கள் சந்தைக்குப் போகும்போது ஓர் அடிமட்டத்தை எடுத்துப்போனால் அந்த இடைவெளியில் கொஞ்சத்தை நீங்களே நிரப்பலாம். மீன்காரர் முறைப்பார், பரவாயில்லை.

எங்கள் கம்பனியில் சமூகப் பொறுப்புத் திட்டமாக நீர்கொழும்புக் களப்பில் ஆயிரம் கண்டல் (அலையாத்தி) கன்று நட முடிவு செய்திருக்கிறோம். டி சேர்ட் கூட அடித்தாயிற்று. எந்த இனம் நல்லது?
– மனிதவளப் பிரிவு ஊழியர், கொழும்பு 3

டி சேர்ட்டை வைத்துக்கொள்ளுங்கள், கன்றை நிறுத்துங்கள். சுனாமிக்குப் பிறகு இலங்கையில் 1,000 முதல் 1,200 ஹெக்டேயர் வரை கண்டல் நட்டார்கள். 2017இல் வெளியான ஆய்வு 23 இடங்களைப் போய்ப் பார்த்தது. பிழைத்தது 200 ஹெக்டேயர் சொச்சம். ஒன்பது இடங்களில் ஒரு கன்று கூட இல்லை. இனம் சரியில்லை என்பதைவிட இடம் சரியில்லை என்பதே பெரிய காரணம்: எப்போதும் தண்ணீர் நிற்கும் சேற்றிலும், கடற்புல் வளரும் இடத்திலும் கொண்டுபோய் நட்டார்கள். நட்ட பிறகு போய்ப் பார்க்கவும் ஆளில்லை. கண்டல் இல்லாத ஓர் இடத்தைக் கண்டால் முதல் கேள்வி ‘ஏன் இங்கே தானாக வரவில்லை?’ என்பதுதான். வரம்பு கட்டி அலைநீரை மறித்திருப்பார்கள், குப்பை அடைத்திருக்கும், மாடு மேய்ந்திருக்கும். அதைச் சரிசெய்தால் விதை தானாக மிதந்து வந்து முளைக்கும்.

நீர்கொழும்புக் களப்பும் முத்துராஜவெலைச் சதுப்பும் சேர்ந்து 6,000 ஹெக்டேயருக்கு மேல். ஒரு சனிக்கிழமையில் அதற்கு நன்மை செய்து முடிக்க முடியாது. உங்களிடம் உண்மையிலேயே பணமும் ஆளும் இருந்தால் ஒட்சிசன் மானி ஒன்று வாங்கி அங்குள்ள மீனவர் சங்கத்திடம் கொடுங்கள். களப்பில் ஒட்சிசன் மிகக் குறைவது விடியுமுன். இரவு முழுக்கப் பாசியும் சுவாசித்துத் தீர்த்திருக்கும். லீற்றருக்கு 2 மில்லிகிராமுக்குக் கீழே போனால் மீன் தாங்காது. காலை பதினொரு மணிக்கு வந்து அளக்கும் அதிகாரிக்கு இது தெரியவே தெரியாது, நாலு மணிக்கு வலை இழுக்கப் போகிறவருக்குத் தெரியும். மானியின் உணரியை அவ்வப்போது மாற்ற வேண்டும், அளவு திருத்த வேண்டும். ஐந்து வருடத்துக்கு அந்தச் செலவை எழுத்தில் ஒப்புக்கொள்ளச் சொல்லி உங்கள் பணிப்பாளரிடம் கேளுங்கள். அவர் சம்மதித்தால் எனக்கு எழுதுங்கள், எந்தெந்த இடத்தில் அளப்பது என்று சங்கத்தாரோடு உட்கார்ந்து பேசத் தயார்.